ரஃப்லேசியா: விதை எடுத்து நட்டு ஏன் காப்பாற்ற முடியவில்லை?

2025 நவம்பரில் மேற்கு சுமத்ராவின் காட்டிலிருந்து வந்த ஒரு வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். வெள்ளைத் திட்டுகளோடு ஒரு சிவப்புப் பூ விரிந்திருக்கிறது, அதைத் தேடிப் பல ஆண்டுகள் அலைந்த இந்தோனேசியர் ஒருவர் அதைக் கண்டதும் தேம்பித் தேம்பி அழுகிறார். பூவின் பெயர் ரஃப்லேசியா ஹாசெல்டி. வீடியோ பரவிய வேகத்தில் குழப்பமும் பரவியது. உலகின் மிகப் பெரிய பூ இதுதானா, பிணநாற்றம் அடிக்கிறது என்று தாவரவியல் பூங்காக்களில் வரிசையில் நின்று பார்ப்பது இதைத்தானா, இவ்வளவு அரிது என்றால் விதையை எடுத்து நட்டு வளர்த்துவிட வேண்டியதுதானே என்றெல்லாம் கேள்விகள். இந்தக் கடைசிக் கேள்வி ரொம்ப நியாயமானது. மற்ற அரிய செடிகளுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். இதற்கு மட்டும் ஏன் முடியவில்லை என்பது புரிய வேண்டுமானால், இந்தச் செடி எப்படி வாழ்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## எது ரஃப்லேசியா, எது இல்லை

ரஃப்லேசியா என்பது ஒரே ஒரு பூவின் பெயரல்ல, ஒரு பேரினத்தின் பெயர். தாய்லாந்து, மலேசியா, புருனை, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் என்று தென்கிழக்காசியாவின் மழைக்காடுகளில் மட்டும் இருக்கிறது. 2023-இல் வெளியான ஒரு விரிவான ஆய்வு 42 இனங்களைக் கணக்கில் எடுத்தது. சுமத்ராவிலும் போர்னியோவிலும் வளரும் ரஃப்லேசியா அர்னால்டிதான் உலகின் மிகப் பெரிய தனிப் பூ, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலம் வரை விரியும். அதே பேரினத்தில், பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் 2016-இல் விவரிக்கப்பட்ட ரஃப்லேசியா கொன்சுவெலோயே சராசரியாகப் பத்து சென்டிமீட்டர்கூட எட்டாது. வீடியோவில் வந்த ஹாசெல்டி இந்த இரண்டுக்கும் நடுவில் வரும்.

பூங்காக்களில் கூட்டம் கூடிப் பார்ப்பது வேறு செடி. அது டைட்டன் ஆரம், நம் சேனைக்கிழங்கின் பேரினத்தைச் சேர்ந்தது. அதற்கும் சுமத்ராதான் ஊர், அதுவும் நாறும், அதனால்தான் இந்தக் குழப்பம். ஆனால் அது தனிப் பூ அல்ல, நூற்றுக்கணக்கான சின்னப் பூக்கள் சேர்ந்த பூங்கொத்து. அதைவிட முக்கியம், அதற்குக் கிழங்கும் இலையும் உண்டு. தொட்டியில் வைத்து வளர்க்கலாம், உலகம் முழுக்க வளர்க்கிறார்கள். ரஃப்லேசியாவிடம் தொட்டியில் வைக்க எதுவும் இல்லை.

## இலை இல்லை, தண்டு இல்லை, வேர் இல்லை

ஒட்டுண்ணிச் செடிகளில் பல படிகள் உண்டு. புல்லுருவியும் சந்தன மரமும் அரை ஒட்டுண்ணிகள்: அடுத்த செடியிலிருந்து தண்ணீரும் உப்பும் உறிஞ்சினாலும், பச்சை இலை வைத்துக்கொண்டு தங்கள் சாப்பாட்டில் பெரும்பகுதியைத் தாங்களே தயாரித்துக்கொள்கின்றன. அம்மையார் கூந்தலுக்கு இலை கிடையாது, ஏறக்குறைய முழுக்க அடுத்த செடியை நம்பி வாழ்கிறது, ஆனாலும் அதன் மஞ்சள் தண்டு நம் கண்ணுக்குத் தெரிகிறது. ரஃப்லேசியா கடைசிப் படிக்குப் போய்விட்டது. அதன் உடல் முழுவதும் இன்னொரு செடியின் உள்ளே, பூஞ்சை இழை போன்ற மெல்லிய செல் வரிசைகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே வருவது பூ மட்டும்தான்.

அந்த இன்னொரு செடி டெட்ராஸ்டிக்மா என்ற காட்டுக்கொடி. திராட்சையும் பிரண்டையும் இருக்கும் அதே குடும்பம். தடித்த மரக்கொடியாக வளர்ந்து காட்டின் உச்சி வரை ஏறும். டெட்ராஸ்டிக்மாவிலும் எல்லா இனமும் ரஃப்லேசியாவுக்கு இடம் கொடுப்பதில்லை, ஒரு சில இனங்கள் மட்டுமே. உள்ளே ரஃப்லேசியா இருக்கிறதா என்று கொடியை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவும் முடியாது. பட்டையைப் பிளந்துகொண்டு ஒரு மொட்டு வரும்போதுதான் விஷயம் தெரியும்.

இப்படி வாழ்ந்து வாழ்ந்து இந்தக் குடும்பம் எதையெல்லாம் இழந்திருக்கிறது என்பது மரபணுவைப் பார்த்தால் தெரிகிறது. ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்துக்கென்று தனி மரபணுத் தொகுதி எல்லாச் செடிகளிலும் இருக்கும், ஒளிச்சேர்க்கையைக் கைவிட்ட ஒட்டுண்ணிகளில்கூட அதன் மிச்சம் கொஞ்சம் இருக்கும். பிலிப்பைன்ஸின் ரஃப்லேசியா லகாஸ்கே இனத்தில் அதைத் தேடியவர்களுக்கு அது கிடைக்கவே இல்லை (2014). இதே குடும்பத்தைச் சேர்ந்த சாப்ரியா ஹிமாலயானாவின் மரபணுவை 2021-இல் முழுதாகப் படித்தபோது, பெரும்பாலான பூக்கும் செடிகளுக்குப் பொதுவாக உள்ள மரபணுக்களில் சுமார் 44 சதவீதம் அதில் காணாமல் போயிருந்தது. போதாக்குறைக்கு, அது குடியிருக்கும் கொடியின் மரபணுக்கள் சில இதற்குள் வந்து குடியேறியிருந்தன. இந்த சாப்ரியா இந்தியாவின் வடகிழக்கு மலைகளிலும் உண்டு. அவ்வப்போது செய்திகளில் இந்தியாவில் ரஃப்லேசியா பூத்தது என்று வருவது அநேகமாக இதைத்தான்.

இன்னொரு விசித்திரம். 2007-இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு இந்தக் குடும்பத்தின் சொந்தக்காரர்கள் யார் என்று கண்டுபிடித்தது: ஆமணக்கும் ரப்பரும் மரவள்ளியும் இருக்கும் குடும்பம். மிகச் சிறிய பூக்களுக்குப் பேர்போன அந்தக் கூட்டத்திலிருந்து கிளம்பி, சுமார் 4.6 கோடி ஆண்டுகளில் பூவின் அளவு ஏறத்தாழ 79 மடங்கு பெருத்திருக்கிறது என்பது அவர்கள் கணக்கு.

## ஒரு பூ விரிவதற்குள் எத்தனை கண்டம்

கொடியின் பட்டையில் முதலில் ஒரு சின்ன முடிச்சுதான் தெரியும். பெரிய இனங்களில் அது முட்டைக்கோஸ் அளவுக்குப் பெருக்க ஆறு முதல் ஒன்பது மாதங்கள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். இத்தனை மாதமும் அது தரையோடு தரையாக இருக்கிறது. எலி, அணில் கடிக்கலாம், காட்டுப்பன்றி கிளறலாம், மழை நீடித்தால் அழுகலாம், வெயில் நீடித்தால் காயலாம், யாராவது தெரியாமல் மிதிக்கலாம். பெரும்பாலான மொட்டுகள் விரிவதே இல்லை, கருத்துச் செத்துப்போகின்றன. தப்பித்து விரிந்தால் ஐந்து முதல் ஏழு நாள். அப்புறம் அது கருத்துக் குழைந்து கரிய கூழாகிவிடும்.

விரிந்த பூவைக் கிட்டே போய்ப் பார்த்தால் அமைப்பு தெரியும். ஐந்து தடித்த மடல்கள், மேலே மரு மருவாகப் புடைப்புகள். நடுவில் அகலமான வாய் உள்ள ஒரு கிண்ணம். கிண்ணத்தின் நடுவே ஒரு தட்டு, தட்டின் மேல் முள் முள்ளாக நீட்டல்கள். மகரந்தமும் சூல்முடியும் மேலே எங்கும் கிடையாது, தட்டின் விளிம்புக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. அழுகிய இறைச்சி என்று நம்பி முட்டையிட வரும் ஈக்கள், பொன்னிறப் பச்சையும் நீலமுமாக மினுக்கும் அந்தப் பிண ஈக்கள், கிண்ணத்துக்குள் இறங்கித் தட்டுக்கு அடியில் உள்ள பள்ளத்தில் நுழைகின்றன. ஆண் பூவாக இருந்தால் கஞ்சி போல் குழைந்த மகரந்தம் ஈயின் முதுகில் ஒட்டிக் காய்ந்துவிடும். அதே ஈ அடுத்து ஒரு பெண் பூவுக்குள் இறங்கினால், அங்கே அதே உயரத்தில், அதே இடத்தில் சூல்முடி காத்திருக்கும். முதுகு உரசினால் வேலை முடிந்தது. ஈக்குச் சாப்பாடு, முட்டையிட இடம் என்று பலன் எதுவும் கிடையாது, முழுக்க ஏமாற்று.

பிரச்சினை எங்கே என்றால், பெரும்பாலான இனங்களில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது உண்மையான காட்டின் எண்ணிக்கை அல்ல, புரிந்துகொள்வதற்காக.

1. ஒரு மலைச்சரிவில் ஓராண்டில் 40 மொட்டுகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். பத்தில் எட்டு செத்தால், விரிவது 8.
2. அதில் பாதி ஆண், பாதி பெண் என்றால் நாலுக்கு நாலு. ஒவ்வொன்றும் திறந்திருப்பது ஐந்து நாள்.
3. ஒரு பெண் பூவும் ஒரு ஆண் பூவும் ஒரு நாளாவது சேர்ந்து திறந்திருக்க, இரண்டும் விரியும் தேதிகள் ஐந்து நாளுக்குள் முன்பின்னாக விழ வேண்டும். பூப்பது ஆண்டு முழுவதும் சிதறி நடந்தால், நாலு ஆண் பூவையும் சேர்த்தும் ஒரு பெண் பூவுக்கு வாய்ப்பு சுமார் ஒன்பதில் ஒன்று.
4. நாலு பெண் பூவையும் சேர்த்தால், இரண்டு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு ஜோடி. அந்த ஒரு ஜோடிக்கும் நடுவில் ஈ சரியாகப் பறந்து வர வேண்டும்.

இப்போது அந்தச் சரிவில் பாதியை வெட்டித் தோட்டமாக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். மொட்டு 20, பூ 4, ஆண் இரண்டு, பெண் இரண்டு. ஜோடி சேரும் வாய்ப்பு பாதியாகக் குறையும் என்றுதான் தோன்றும், ஆனால் நாலில் ஒன்றாகக் குறைகிறது, ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுருங்குகிறது. எட்டு, ஒன்பது ஆண்டுக்கு ஒரு தடவை என்ற நிலை. காடு மிச்சம் இருக்கிறது, கொடி இருக்கிறது, பூவும் அவ்வப்போது பூக்கிறது, படம் எடுத்துப் போடுகிறார்கள், ஆனால் காய் பிடிப்பதில்லை. ரஃப்லேசியா இன்னும் பூக்கிறது என்ற செய்தியை வைத்து அது நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

காய் பிடித்தால் அது பழுக்க மேலும் பல மாதங்கள், உள்ளே தூசி மாதிரி லட்சக்கணக்கில் விதை. மர மூஞ்சூறும் அணிலும் பழத்தைத் தின்பதைப் பார்த்திருக்கிறார்கள். எறும்புகள் விதையைத் தூக்கிப்போவதையும் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் துளி விதை எப்படி ஒரு புதிய கொடிக்குள் நுழைகிறது என்பதை இன்றுவரை யாரும் காட்டில் கண்ணால் கண்டதில்லை.

## சரி, நட்டு வளர்ப்பது?

தலைப்பில் உள்ள கேள்விக்கான பதில் இங்கே வந்துவிட்டது. விதை எப்படி முளைக்கிறது என்றே தெரியாத செடிக்கு விதை வங்கி பயன்படாது. பதியன் போடத் தண்டு இல்லை. திசு வளர்ப்பு முயற்சிகள் முழுச் செடியாக வளரும் நிலைக்கு வந்ததில்லை.

நடைமுறையில் நன்றாகப் பலன் தந்த வழி இது: ஏற்கனவே ரஃப்லேசியா குடியிருக்கும் கொடியின் துண்டை வெட்டி எடுத்து, வேர் பிடித்த வேறொரு டெட்ராஸ்டிக்மாவின் தண்டில் ஒட்டுக்கட்டுவது. இந்தோனேசியாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் இப்படி வளர்த்த கொடியில் 2010-இல் ரஃப்லேசியா பட்மா பூத்தது, அதன் பிறகும் பல முறை பூத்திருக்கிறது. பெரிய சாதனை. ஒட்டுக்கட்டிய கையோடு பூக்காது, பல ஆண்டுகள் கொடியைப் பொறுமையாகப் பராமரிக்க வேண்டும். ஆனால் இதற்குக் காட்டிலிருந்து உயிருள்ள கொடியை வெட்ட வேண்டும். ஒரே இடத்தில் சில கொடிகள் மட்டுமே மிஞ்சியிருக்கும் இனத்தில் கத்தி வைப்பது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்று யோசித்துப் பாருங்கள். அதனால், பூங்காவில் பூக்கவைத்தோம் என்பது ஆராய்ச்சிக்குப் பெரிய உதவி, காட்டுக்கு மாற்று அல்ல.

## எண்ணுவதே சிக்கல்

2023-இல் வந்த அந்த ஆய்வு 42 இனங்களையும் மதிப்பிட்டது: 25 மிக மோசமான அபாயத்தில், 15 அழியும் அபாயத்தில், 2 பாதிக்கப்படக்கூடிய நிலையில். அபாயம் இல்லாத இனம் ஒன்றுகூட இல்லை. அப்போது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இருந்தது ஒரே ஒரு இனம், பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் வளரும் ரஃப்லேசியா மாக்னிஃபிகா. மீதி 41 இனங்கள் அப்போது பட்டியலிலேயே இருக்கவில்லை. வாழிடங்களில் குறைந்தது 67 சதவீதம் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே இருப்பதாகவும் அந்த ஆய்வு சொன்னது. எனக்கு மிகவும் கவலை தருவது இந்த எண்தான், ஏன் என்று கீழே வருகிறேன்.

பட்டியலில் சேர்க்க ஏன் இவ்வளவு தாமதம்? அபாயத்தை மதிப்பிட முதிர்ந்த செடிகள் எத்தனை என்று தெரிய வேண்டும். செடியோ கொடிக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு கொடியில் ஐந்து மொட்டு இருந்தால் அது ஒரே செடியின் ஐந்து மொட்டா, ஐந்து தனிச் செடிகளா என்பது மரபணு சோதனை செய்யாமல் தெரியாது. பூ வராத கொடியில் ரஃப்லேசியா இல்லை என்று உறுதியாகச் சொல்லவும் வழியில்லை. இன்னொரு பக்கம் புது இனங்கள் வந்துகொண்டே இருக்கின்றன: பிலிப்பைன்ஸில் 2002-க்கு முன் இரண்டு இனங்களைத்தான் அங்கீகரித்திருந்தார்கள், இன்று பத்துக்கும் மேல். ஒரு இனத்துக்குப் பெயர் வைக்கும்போதே அதன் காடு சுருங்கிக்கொண்டிருக்கிறது.

## எப்படி அழிகிறது

1. காடழிப்பு. எண்ணெய்ப்பனை, ரப்பர், காப்பித் தோட்டங்களுக்காகவும் சாலைகளுக்காகவும் மலையடிவாரக் காடுகள் போகின்றன. பல இனங்கள் ஓரிரு மலைகளில் மட்டுமே இருப்பதால், ஒரே ஒரு திட்டம் ஒரு இனத்தையே முடித்துவிடலாம்.

2. கொடி வெட்டுதல். இதை யாரும் பேசுவதில்லை. மரம் வெட்டும் இடங்களில், மரம் சாயும்போது பக்கத்து மரத்தையும் இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க முன்கூட்டியே கொடிகளை வெட்டிவிடுவது வழக்கம், வனவியல் பார்வையில் நல்ல பழக்கமும்கூட. மரங்கள் நிற்கும், செயற்கைக்கோள் படத்தில் காடு பச்சையாகத் தெரியும், ரஃப்லேசியா மட்டும் போயிருக்கும்.

3. மொட்டு பறித்தல். பிரசவித்த பெண்களுக்கான மருந்து என்றும் உடல் வலுவுக்கு என்றும் மொட்டுகளைப் பறித்து விற்கும் பழக்கம் மலேசியா, தாய்லாந்து, ஜாவாவில் உண்டு. மொட்டாகவே பறித்துவிட்டால் பூ ஏது, விதை ஏது.

4. பார்க்க வருபவர்களின் கால். மொட்டுகள் பலவும் தரையில் கிடக்கும் தண்டிலும் மண்ணுக்குச் சற்றே அடியில் ஓடும் வேரிலும் வருகின்றன. விரிந்த பூவோடு படம் எடுக்கச் சுற்றி நிற்பவர்கள், அடுத்த ஆண்டுப் பூக்களின் மேல் நிற்கிறார்கள்.

## சட்டம் எட்டாத இடம்

இந்தோனேசியா 1993-இலேயே ரஃப்லேசியா அர்னால்டியை நாட்டின் அரிய மலராக அறிவித்தது, பாதுகாப்புச் சட்டமும் உண்டு. மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், குனுங் காடிங் தேசியப் பூங்காவில் பலகை நடைபாதை போட்டு, பூத்திருக்கும்போது காவலர் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். பூங்காவுக்குள் இருக்கும் செடிக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த 67 சதவீதத்துக்கு? அங்கே கொடி நிற்பது ஒருவருடைய காப்பித் தோட்டத்து ஓரத்தில், கிராமத்துப் பொது நிலத்தில். பூவைச் சட்டம் காக்கலாம், கொடியை வெட்டாமல் விடுவது அந்த நிலத்துக்காரரின் மனசு. தோட்டத்தில் ரஃப்லேசியா இருப்பது தெரிந்தால் அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொள்ளும் என்ற பயம் ஒருவருக்கு வந்துவிட்டால், மொட்டு கண்ணில் பட்ட அன்றே அது காணாமல் போகும்.

இதை உருப்படியாகக் கையாண்ட இடம் மலேசியாவின் சபா. கினாபாலு மலையடிவாரத்தில், ரானாவ், போரிங் பகுதிகளில், தங்கள் நிலத்தில் பூக்கும் ரஃப்லேசியாவை நிலத்துக்காரர்களே கட்டணம் வாங்கிக் காட்டும் முறைக்கு 1990-களிலிருந்தே ஊக்கம் கொடுத்தார்கள். பூத்தால் சாலையோரம் அறிவிப்புப் பலகை வைப்பார்கள். மொட்டைப் பறித்து விற்றால் ஒரு தடவை காசு, விரியவிட்டால் ஒரு வாரம் முழுக்கக் காசு, கொடியை விட்டுவைத்தால் வரும் ஆண்டுகளிலும் காசு. சுமத்ராவின் பெங்குலுவிலும் அரிய மலர்களுக்காக உள்ளூர் இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து, பூக்கும் இடங்களைப் பதிவு செய்து காவல் காக்கிறார்கள். காசு வருகிறது என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. வேலி போட்டு மண்ணைக் கெட்டியாக்கி, சுற்றியுள்ள மரத்தை வெட்டி வெளிச்சம் விட்டால் கொடியே வாடும். ஆனாலும், என் பார்வையில், பாதுகாப்புப் பணத்தின் பெரும்பங்கு ஆய்வகத்துக்குப் போவதைவிட இந்த நிலத்துக்காரர்களிடமும் குழுக்களிடமும் போவதுதான் நியாயம்.

நியாயம் என்று சொல்வதற்கு வரலாற்றிலும் காரணம் இருக்கிறது. 1818-இல் பெங்குலுவில் மன்னா ஆற்றங்கரைக் காட்டில் இந்தப் பூவைப் பார்த்து, வந்து பாருங்கள் என்று ஆங்கிலேய மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான ஜோசப் அர்னால்டை ஓடிவந்து அழைத்தவர் அவருடைய மலாய்ப் பணியாள். பூவுக்கு வைத்ததோ அப்போது அங்கே ஆங்கிலேய ஆளுநராக இருந்த ராஃபிள்ஸ், அர்னால்ட் இருவரின் பெயர்களை. அந்தப் பணியாளின் பெயர்கூடப் பதிவாகவில்லை. 2025 வீடியோவிலும் கிட்டத்தட்ட அதுவே நடந்தது: அந்தத் தேடலில் தன் ஆய்வாளர் ஒருவரும் பங்கெடுத்த ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சமூக ஊடகப் பதிவில் இந்தோனேசிய ஆய்வாளர்களின் பெயர்கள் இல்லாததால் இந்தோனேசியாவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. அதைச் சிலர் தேசப் பெருமைச் சண்டை என்று ஒதுக்கினார்கள், நான் அப்படிப் பார்க்கவில்லை. எந்தச் சரிவில் எந்தக் கொடியில் எப்போது மொட்டு வரும் என்பது அங்கே நடந்து திரிபவர்களுக்குத்தான் தெரியும், அந்த அறிவுக்குப் பெயரும் கூலியும் கொடுக்காத பாதுகாப்புத் திட்டம் அடுத்த தலைமுறை வழிகாட்டிகளை இழந்துவிடும்.

## அடுத்த முறை செய்தி வந்தால்

ரஃப்லேசியா பூத்தது என்று இனியும் செய்திகள் வரும். அவற்றில் தேட வேண்டியவை வேறு.

1. பக்கத்தில் காய் இருந்ததா? பூவைவிடக் காய்தான் பெரிய செய்தி.
2. எந்த இனம், அது பாதுகாக்கப்பட்ட காட்டிலா, தனியார் நிலத்திலா? தனியார் நிலம் என்றால் அந்தக் குடும்பத்துக்கு என்ன ஏற்பாடு?
3. சரியான இடக்குறிப்பு வெளியிடப்பட்டிருக்கிறதா? ஆளில்லாத காட்டுச் சரிவாக இருந்தால் வெளியிடாமல் இருப்பதே நல்லது, மொட்டு வியாபாரிகளும் அதே படத்தைத்தான் பார்க்கிறார்கள். நீங்களே போய் எடுத்த படமாக இருந்தால், பகிர்வதற்கு முன் போனில் இடத் தகவலை நீக்கிவிடுங்கள்.